மதகில் முதலாவதாக நின்ற படகு

கோன்ஃப்ளான், 14 அக்டோபர் 2009

மதிப்புக்குரிய சோலாஞ்ஜ் வெர்க்ரூஸ் அம்மையாருக்கு,

அல்ஜீரியச் சண்டைக்குப் போன பிள்ளைகள் ஊர் திரும்பியதற்கு மறு வருஷம் அது. கிறிஸ்துமஸிலிருந்து கால்வாய்கள் எல்லாம் பாறையாக உறைந்து கிடந்தன. மார்ச் முதல் தேதி வடக்கே சுரங்கத்துக்காரர்கள் விளக்கைக் கீழே வைத்துவிட்டு, அரசாங்கக் கட்டளை வந்த பிறகும் இறங்க மாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். அந்த வாரம்தான் ப்ரெமோன் மதகில் பனி உடைந்தது. செவ்வாய்க்கிழமை, மார்ச் ஐந்து. வருஷத்தை நான் சொல்லவேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியும்.

நான் அர்ஸேன் தெலொபெல். 'எத்துவால்' என்ற சரக்குப் படகை ஓட்டியவன். ஒவ்வொரு படகாக உள்ளே விட்டு, தண்ணீரை இறக்கி, மறுபக்கம் அனுப்புகிற மதகு அது; உங்கள் அப்பா கஸ்தோன் அதைத் திறந்து மூடுகிற உத்தியோகத்தில் இருந்தார். நீங்கள் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு, மாவட்டப் பத்திரிகைக்குச் செய்தி சேர்க்க சைக்கிளில் கரையோரம் வருவீர்கள். படகுக்காரிகள் உங்களுக்குக் காப்பி கொடுப்பார்கள்.

இந்தக் கையெழுத்து என்னுடையதல்ல. கண்ணில் புரை விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டு மதாம் ஹெர்பலோ, தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார்.

போன ஞாயிறு உங்களை ரேடியோவில் கேட்டேன். வருஷ முடிவோடு பேனாவை வைக்கப்போகிறீர்களாம். முப்பத்தொரு வருஷமாக வியாழக்கிழமை தோறும் எழுதிய அரசியல் பத்தியிலிருந்து எண்பது கட்டுரைகள் புத்தகமாக வருகின்றனவாம். ஆனால் முதலாவதாக இருக்கப்போவது பத்தியல்ல, 'தன் முறையை விடாதவன்' என்கிற பழைய கட்டுரை. அதுதான் உங்களை மாவட்டப் பத்திரிகையிலிருந்து பாரிசுக்குக் கொண்டுபோனது என்று பேட்டி எடுத்தவர் சொன்னார். "ரெண்டு சாட்சி இல்லாம ஒரு வரிகூட எழுத மாட்டீங்களாமே?" என்று கேட்டார். நீங்கள் சிரித்துக்கொண்டு, "அது எங்க அப்பாகிட்ட கத்துக்கிட்டது. பதிவேட்டுல ஒரு படகைப் பதியறதுக்கு முன்னால ரெண்டு தரம் எட்டிப் பார்ப்பாரு" என்றீர்கள்.

அந்தக் கட்டுரையில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? பனி உடைந்து மதகு திறந்த அன்று முதலாவதாக நின்றது ஃபிர்மேன் கோஷியின் படகு. மூன்றாவது படகில் ஒக்தாவின் மனைவி ஜினெத் பிரசவ வலியில் துடித்தாள். கீழே நகரத்தில்தான் ஆஸ்பத்திரி. சாலை வெள்ளத்தில் கிடந்தது. ஃபிர்மேன் தன் முறையை விட்டுக்கொடுக்கவில்லை. தாயும் பிள்ளையும் படகிலேயே போய்விட்டார்கள்.

ஃபிர்மேன் அதைச் செய்யவில்லை. அந்தக் கட்டுரையைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

அர்ஸேன் தெலொபெல்


பாரிஸ், 23 அக்டோபர் 2009

திரு. தெலொபெல் அவர்களுக்கு,

'எடுத்துவிடுங்கள்' என்று எனக்கு வந்த கடிதங்களைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு அலமாரி நிறைந்திருக்கும். மந்திரிகள் எழுதியிருக்கிறார்கள். மந்திரிகளின் மனைவிகள் எழுதியிருக்கிறார்கள். எழுபத்து நான்கில் ஒரு கட்டுரையை எடுக்க மறுத்ததற்காக வேலை போயிற்று. ஏழு மாதம் வாடகை அறையில் உட்கார்ந்து சமையல் குறிப்புகளை வேறு பெயரில் எழுதினேன். இரண்டு தடவை வழக்கு. ஒன்றில் தோற்றேன், அப்போதும் எடுக்கவில்லை. ஆகவே என் பதில் என்னவென்று நீங்கள் ஊகிக்கலாம்.

ஆனாலும் ப்ரெமோன் என்ற பெயரைப் பார்த்ததும் பழைய பெட்டியைத் திறந்தேன். என் குறிப்பேடுகள் எல்லாம் இருக்கின்றன. மார்ச் ஆறாம் தேதிப் பக்கத்தை அப்படியே கீழே எழுதுகிறேன்:

"முதல்ல நின்னது யார் படகு?"

"ஃபிர்மேன் படகுதான். வேற யாரோடது?"

"நிச்சயமாத் தெரியுமா அண்ணே?"

"என்ன கேள்வி இது? ரெண்டு மணி நேரம் அதோட பின்பக்கத்தைத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன். ஒக்தாவ் கரையில ஓடி ஓடிக் கத்தறான், 'முன்னால விடுங்கய்யா, அவ தாங்க மாட்டா'ன்னு. நான் ஒதுங்கிட்டேன். அவன் அசையல."

கீழே 'அ.தெ., எத்துவால்' என்று குறித்திருக்கிறேன். அது நீங்கள்தானே?

அன்று உங்கள் கண்ணில் புரை இல்லை. நாற்பத்தாறு வருஷத்தில் என்ன மாறிவிட்டது?

சோலாஞ்ஜ் வெர்க்ரூஸ்


கோன்ஃப்ளான், 2 நவம்பர் 2009

அம்மையாருக்கு,

இன்று இறந்தோர் நாள். காலையில் என் மனைவி மார்த்தின் கல்லறைக்குச் சாமந்தி கொண்டுபோனேன். திரும்பி வந்து மதாம் ஹெர்பலோவின் கதவைத் தட்டி, "போன கடுதாசியில ஒரு பொய் சொல்லிட்டேன். அதைத் திருத்தணும்" என்றேன். "எது பொய்?" என்றார். "கண்ணு." "தெரியுமே. நேத்து ஆத்துக்கு அந்தப் பக்கம் நின்ன கொக்கைக் காட்டி, அதுக்கு ஒரு கால் நொண்டின்னீங்களே" என்றார்.

எனக்குப் புரை இல்லை. எனக்கு எழுத்துத் தெரியாது.

படகில் பிறந்தவன் நான். என் அப்பா குதிரை வாங்க வழியில்லாத காலத்தில் தோளில் கயிறு போட்டுப் படகை இழுத்தவர். ஒரு ஊரில் மூன்று நாள் சரக்கு இறக்குவோம். மூன்று நாள் பள்ளிக்கூடம். அடுத்த ஊரில் வாத்தியார் முதலிலிருந்து தொடங்குவார். 'அ'வைத் தாண்டியதே இல்லை. மார்த் ஒருத்திக்குத்தான் தெரியும். சரக்குக் கூடத்தில் கரும்பலகையில் இன்னின்ன ஊருக்கு இன்னின்ன சரக்கு என்று எழுதிப்போடுவார்கள், முறைப்படி ஒவ்வொருவராக எழுந்து எடுத்துக்கொள்வோம். நான் பலகையையே பார்த்துக்கொண்டு நிற்பேன், பக்கத்தில் இருப்பவன் முணுமுணுப்பதைக் காதில் வாங்கிக்கொண்டு. கக்கத்தில் எப்போதும் ஒரு பத்திரிகை. உங்கள் பத்திரிகைதான். நாற்பது வருஷம் தினமும் வாங்கினேன், கக்கத்தில் வைக்க.

அப்படியானால் படகுகளை எப்படி அடையாளம் கண்டேன்? வர்ணத்தை வைத்து. ஒவ்வொரு குடும்பமும் முன்பக்கமும் பின்பக்கமும் தன் கோலத்தைப் போட்டிருக்கும். எங்களுடையது சிவப்புப் பட்டை, நடுவில் வெள்ளை நட்சத்திரம். ஃபிர்மேனுடையது பச்சையில் வெள்ளை வைரக்கட்டம். படகை விற்றால் கோலத்தை விற்பதில்லை. வாங்கியவன் அந்த வாரமே அழித்துத் தன் கோலத்தைப் போட்டுவிடுவான். அடுத்தவன் கோலத்தோடு திரிவது அடுத்தவன் சட்டையைப் போட்டுத் திரிவது மாதிரி.

ஃபிர்மேன் அந்த டிசம்பரில் தன் படகை விற்றுவிட்டுக் கொஞ்சம் பெரியதாக வேறொன்று வாங்கியிருந்தான். பழையதை வாங்கியவன் லனுவா என்ற பெல்ஜியக்காரன். வாங்கிய மறுவாரம் பனி இறுகிவிட்டது. பனியில் வர்ணம் ஒட்டாது, உரிந்துவிடும். அதனால் பச்சையும் வைரக்கட்டமும் அப்படியே இருந்தன. பெயர்ப் பலகையை மட்டும் மாற்றிவிட்டான். புதுப் பலகை, முழ நீள வெள்ளை எழுத்து. இரண்டு மணி நேரம் அந்தப் பலகைக்கு நேரேதான் நின்றேன். படகு கைமாறியது எனக்குத் தெரியாது, குளிருக்கு முகத்தை மூடியிருந்த ஆளையும் அடையாளம் தெரியவில்லை.

எழுத்துத் தெரிந்த எவனும் அந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டான். ஒக்தாவுக்கும் எழுத்துத் தெரியாது. அதனால் நான் சொன்னதையே அவனும் நம்பினான்.

ஜூன் மாதம் சரக்குக் கூடத்தில் ஃபிர்மேன் என் எதிரே வந்து நின்றான். அவ்வளவு பேர் நடுவில், மெதுவாகத்தான் கேட்டான்.

"ஏன்டா அர்ஸேன், நான் அன்னைக்கு ஒன்பது மைல் கீழே பனியில மாட்டிக்கிட்டுக் கிடந்தேன். என் பழைய படகு அது. பேரு மாத்தியிருந்துச்சே, பார்க்கலையா நீ?"

கூடமே திரும்பிப் பார்த்தது. 'பார்த்தேன், படிக்கத் தெரியலை' என்று சொன்னால் முடிந்தது. கக்கத்தில் பத்திரிகை இருந்தது.

"நான் பார்த்ததைத்தான் சொன்னேன்" என்றேன்.

அதற்குப் பிறகு அவன் முறை வரும்போதெல்லாம் கூடத்தில் எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். மதகில் அவன் வீசுகிற கயிற்றைப் பிடிக்க ஒரு கை நீளாது. அவன் மனைவி கரையில் குதித்து அவளே பிடித்துக் கட்டுவாள். மூன்று வருஷம் தாங்கினான். பிறகு படகை விற்றுவிட்டு மணல் கிடங்கில் கூலி வேலைக்குப் போனான்.

இதுதான் மாறியது. எனக்கு வெட்கம் போய்விட்டது, அவ்வளவுதான்.

அர்ஸேன்


பாரிஸ், 26 நவம்பர் 2009

அர்ஸேன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நம்பவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வயதானவர்கள் கடைசிக் காலத்தில் பழியைத் தங்கள் தலையில் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதனால் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். மதகுப் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. ஒருவரும் கேட்டதே இல்லையாம்.

மார்ச் ஐந்து, செவ்வாய். அப்பாவின் கையெழுத்து. ஒன்று: 'ஃப்ளாந்தர்', லனுவா. இரண்டு: 'எத்துவால்', தெலொபெல். மூன்றாவது ஒக்தாவ். ஃபிர்மேன் கோஷியின் பெயர் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை.

கீழே ஒரு வரி. இதை உங்களுக்குச் சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். "2.10. நோயாளியை முன்னால் விட முதல் படகுக்காரர் உத்தரவு கேட்டார். மேலதிகாரிக்குத் தொலைபேசி கிடைக்கவில்லை. முறைப்படியே விட்டேன்."

ஆக, லனுவாவும் மறுக்கவில்லை. உத்தரவு கேட்டார். வாய்வார்த்தையாக அப்பா 'சரி' என்று சொல்லியிருந்தால் போதும். விதியை மீறினால் உத்தியோகம் போய்விடும் என்று பயந்திருப்பார். அந்த வீடும் உத்தியோகத்தோடு வந்ததுதான்.

கட்டுரை அச்சாகிச் சில நாள் கழித்து அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சூப் ஆறிப்போகும்வரை கேட்டார். "நல்லாத்தான் எழுதியிருக்கே" என்றார். பிறகு எழுந்து போய் மதகுக் கதவின் கீல்களுக்கு எண்ணெய் போட்டார். அது எண்ணெய் போடுகிற நாளல்ல. எனக்கு அது அன்று வித்தியாசமாகப் படவில்லை. இருபத்திரண்டு வயது, பாரிசிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டுத் தந்தி வந்திருந்தது.

பிற்காலத்தில் ஒரு பிரதமரின் பொய்யைக் கண்டுபிடிக்க மூன்று நாடுகளுக்குப் போனேன். சரிபார்க்காமல் விட்ட ஒரே ஏடு எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் கிடந்தது.

பதிப்பாளரிடம் பேசிவிட்டேன். அந்தக் கட்டுரை புத்தகத்தில் வராது. காரணம் கேட்டார், 'பழசாகிவிட்டது' என்றேன். போன வருஷம்தான் ப்ரெமோன் படித்துறைக்கு அப்பாவின் பெயரை வைத்தார்கள். நாடாவை வெட்டியவள் நான். இதற்கு மேல் என்னால் முடியாது. நீங்கள் கேட்டதும் இவ்வளவுதானே.

சோலாஞ்ஜ்


கோன்ஃப்ளான், 3 டிசம்பர் 2009

சோலாஞ்ஜ்,

மதாம் ஹெர்பலோ பேனாவை நிறுத்திவிட்டார். "அவங்களை நீன்னு சொல்றீங்க." "அப்படியே எழுதுங்க" என்றேன். "பெரிய மனுஷி." "காப்பித் தட்டை என் படகுல நக்கின பொண்ணு. எழுதுங்க."

நான் கேட்டது அவ்வளவுதான், ஒத்துக்கொள்கிறேன். கேட்டது தப்பு. கட்டுரை போய்விட்டால் நிம்மதியாகச் சாகலாம் என்று நினைத்தேன். உன் கடிதத்தை மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். சத்தமில்லாமல் எடுத்துவிட்டேன் என்கிறாய். நான் நாற்பத்தாறு வருஷம் பண்ணியதும் அதுதானே? சத்தம் போடாமல் இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மந்திரி, உடம்பு சரியில்லை என்று சொல்லி ராஜினாமா பண்ணினார். அடுத்த வியாழன் நீ எழுதினாய்: "குற்றத்தைத் தெருவில் செய்துவிட்டு மன்னிப்பைக் குளியலறையில் கேட்கிறார்." மார்த் வாசித்தபோது நான் மேசையைத் தட்டிச் சிரித்தேன். நம்ம மதகுக்காரர் மகள் என்று பெருமையாக இருந்தது.

ஃபிர்மேனை நாடு முழுக்கப் படித்தது. ஊர் ஊராக வாத்தியார்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார்கள். இப்போது அது ஒரு புத்தகத்தில் இல்லாமல் போவதால் அவனுக்கு என்ன?

இன்னொன்றும் சொல்கிறேன். அறுபத்து நாலு இலையுதிர் காலத்தில் ஃபிர்மேன் பாரிசுக்கு வந்தான், உன் பத்திரிகை ஆபீசுக்கு. மூன்று மணி நேரம் வாசல் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தானாம். நீ ஊரில் இல்லை என்று காவல்காரன் சொன்னானாம். இதை அவன் மனைவி என் மார்த்திடம் சொல்லி அழுதாள். நீ ஊரில் இல்லையா?

உன் அப்பா கெட்டவரில்லை. என் கயிற்றை ஆயிரம் தடவை பிடித்தவர். ஆனால் ஃபிர்மேனும் ஒருவருடைய அப்பாதான்.

அர்ஸேன்


பாரிஸ், 11 டிசம்பர் 2009

அர்ஸேன் அண்ணனுக்கு,

ஊரில்தான் இருந்தேன்.

மாடிப்படி வளைவிலிருந்து பார்த்தேன். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, சவரம் பண்ணி, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். குற்றவாளி கெஞ்ச வந்திருக்கிறான் என்று நினைத்தேன். பரிதாபமாகவும் இருந்தது, அந்தப் பரிதாபம் எனக்குப் பிடித்தும் இருந்தது. "இல்லைன்னு சொல்லிடுங்க" என்று காவல்காரரிடம் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனேன். அதற்குப் பிறகு எத்தனையோ பேரைப் பின்வாசல் வழியாகத் தப்பிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு நான்கு நாள் ஒன்றும் எழுதவில்லை. இந்த வாரப் பத்தி வரவில்லை, ஆசிரியர் பதறிப் போய்க் கேட்டார், "உடம்புக்கு என்ன?" என்று. அந்த மந்திரி ஞாபகம் வந்தார். "உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

என் கடைசிப் பத்தி டிசம்பர் முப்பத்தொன்று, வியாழக்கிழமை. நாட்டின் நிலைமை பற்றிப் பெரிதாக ஏதாவது எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். ப்ரெமோன் மதகைப் பற்றி எழுதப்போகிறேன். பதிவேட்டின் பக்கத்தை அப்படியே போடச் சொல்லியிருக்கிறேன், அப்பாவின் அந்த வரியோடு. பெஞ்சியையும் எழுதுவேன். புத்தகத்திலும் பழைய கட்டுரை அது இருந்த இடத்திலேயே இருக்கும். அடுத்த பக்கத்தில் இது வரும். ஒன்றை மட்டும் வாசித்துவிட்டு ஒருவரும் மூடிவைக்க முடியாது.

ப்ரெமோன் ஊராட்சித் தலைவருக்கும் எழுதிவிட்டேன். படித்துறைப் பெயரை அவர்கள் என்ன செய்கிறார்களோ செய்யட்டும்.

இரண்டு விஷயம் உங்களிடம் கேட்கவேண்டும். உங்கள் பெயரைப் போடலாமா? உங்களுக்கு எழுத்துத் தெரியாது என்பதைச் சொல்லாமல் அந்தத் தப்பை விளக்க முடியவில்லை. பலவிதமாக எழுதிப் பார்த்தேன். வேண்டாம் என்றால் 'ஒரு படகுக்காரர்' என்று எழுதிவிடுகிறேன், பழியை நானே எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து, இதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? பல லட்சம் பேர் வாசிப்பார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஃபிர்மேன் என்றால் யாரென்று தெரியாது. அன்று அந்தத் தண்ணீரில் இருந்தவர்களில், அவரைச் சேர்ந்தவர்களில் யார் மிச்சம்? யாருமே இல்லையென்றால் நான் என் முகத்தைத்தான் கழுவிக்கொள்கிறேன்.

உங்கள் சோலாஞ்ஜ்


கோன்ஃப்ளான், 16 டிசம்பர் 2009

சோலாஞ்ஜுக்கு,

பெயரைப் போடு. முழுப் பெயர், படகின் பெயர், எழுத்துத் தெரியாது என்பது, சரக்குக் கூடத்தில் ஃபிர்மேனிடம் நான் சொன்ன பதில், எல்லாம். 'ஒரு படகுக்காரர்' என்று போட்டால் செத்துப்போனவர்கள் எல்லோர் மேலும் பழி விழும். மதாம் ஹெர்பலோவிடம் இதைச் சொன்னபோது, "தெரு முழுக்கத் தெரிஞ்சுடுமே" என்றார். "தெருவுக்கு வேற வேலை இல்லையா?" என்றேன். காப்பி போட்டுக் கொடுத்தார்.

யார் மிச்சம் என்று கேட்கிறாய். எழுதி வைக்கத் தெரியாதவன் தலைக்குள்தான் எல்லாவற்றையும் வைத்திருக்கவேண்டும். சொல்கிறேன்.

லனுவா அந்த வருஷமே படகைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். எழுபத்திரண்டில் நாமூரில் நெஞ்சுவலியில் போனான் என்று அவன் மச்சான் சொன்னான். தான் வாங்கிய படகால் ஒருவன் கெட்டான் என்பது அவனுக்குத் தெரியாமலே போயிற்று.

ஒக்தாவ் அதற்குப் பிறகு தனியாக ஆறு வருஷம் ஓட்டினான். குடித்தான். அறுபத்தொன்பதில் ஒரு விடியலில் வாஸ் ஆற்றில் மிதந்தான். ஜினெத்தையும் பிள்ளையையும் புதைத்த இடத்திலேயே அவனையும் வைத்தோம். தூக்கினவர்களில் நானும் ஒருவன்.

உன் அப்பா எண்பத்தெட்டு பிப்ரவரியில். நீ கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாய். நான் பின்வரிசையில் இருந்தேன். உன் அம்மா அதற்கு அடுத்த வருஷம்.

என் மார்த் போன ஜனவரியில். கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லிடு அர்ஸேன், எனக்கு அப்புறம் உனக்குப் படிச்சுச் சொல்ல ஆள் இருக்காது" என்றாள். வேறு எதையோ சொல்கிறாள் என்று நினைத்ததுபோல் நடித்தேன்.

ஃபிர்மேன் எண்பத்தொன்றில், மணல் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே. சவ ஊர்வலத்தில் பதினோரு பேர். நான் எண்ணினேன், தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து. அவன் மனைவி தெனீஸ் இரண்டாயிரத்து மூன்றில் வெயில் கொளுத்தி எத்தனையோ கிழடுகளைக் கொண்டுபோன அந்தக் கோடையில் போனாள்.

அவர்களுக்கு ஒரு பெண். அப்போது பதினொரு வயது. படகுக்காரர் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளியில் இருந்தாள். வாத்தியாரம்மா உன் கட்டுரையை வகுப்பில் வாசித்தார். விளையாட்டில் அந்தப் பெண்ணின் முறை வந்தால் மற்றப் பிள்ளைகள், "அவளைக் கேளுங்கடி, விட்டுக்கொடுக்கவே மாட்டா" என்று கைதட்டுவார்களாம். அவள் விளையாடுவதை நிறுத்திவிட்டாள். கல்யாணம் பண்ணிக்கொண்ட பிறகும் அப்பா பெயரை விடவில்லை. இங்கே, இந்தக் கோன்ஃப்ளானில்தான் இருக்கிறாள். சனிக்கிழமை சந்தையில் பார்ப்பேன். பார்த்தால் மீன் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

பத்தியை அச்சாவதற்கு முன்னால் நீயே கொண்டுவா. தபாலில் போடாதே. நீ வாசி, நான் பக்கத்தில் நிற்கிறேன். என் பங்கை நானே வாயால் சொல்கிறேன். கதவைச் சாத்தினால் சாத்தட்டும், வாசலில் பெஞ்சி இல்லை, நின்றுகொண்டே இருப்போம். வீடு பழைய துறைமுகத் தெருவில் பதினேழாம் எண் என்று மதாம் ஹெர்பலோ பார்த்துச் சொன்னார். மணிக்குப் பக்கத்தில் பெயர் எழுதியிருக்கிறதாம். உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான்: ரொஸீன் கோஷி.